ஜெனரல் எழுதிய நான்கு மணி

ஒக்டோபர் 13, திங்கள்

மழை. குடை பஸ்ஸோடு போய்விட்டது. இந்த வருடம் இது மூன்றாவது.

செய்ய வேண்டியவை: முழங்காலுக்கு டொக்டர். மகளுக்குப் போன். உளுந்து. இவருடைய சீனி வருத்த மாத்திரை.

முதல் வீடு மிஸ்டர் ஷென். லண்டன், லூயிஷாம் ஸ்டேஷனுக்குப் பின்தெரு, கீழ்த்தட்டு ஃபிளாட். எட்டு மாதமாகப் போகிறேன். சீனர், தொண்ணூற்றொரு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் கிரேஸ், சட்டத்தரணி, ஹரோவில் வீடு. கெயரர் வேலை என்றால் எழுப்பு, கழுவு, உடுப்பு மாற்று, கஞ்சி கொடு, மாத்திரை கொடு, நடந்ததெல்லாம் போனில் இருக்கிற அப்பில் எழுது, அடுத்த வீட்டுக்கு ஓடு.

கஞ்சியைக் குடித்துவிட்டு, "என் அம்மாவின் கஞ்சியைவிட மோசம், கிரேஸின் கஞ்சியைவிட மேல்" என்றார். அவருக்கு நல்ல நாள் என்று அர்த்தம்.

அவரால் எழுந்து வந்து கதவைப் பூட்ட ஏலாது. நாங்கள்தான் வெளியில் நின்று பூட்டி, சாவியைச் சுவரில் இருக்கிற சாவிப் பெட்டிக்குள் வைத்து, நம்பரைக் குழப்பிவிட்டுப் போக வேண்டும். இன்றும் பஸ் தரிப்பு வரை போய்த் திரும்பி வந்து திறந்து பார்த்தேன்.

"இன்றைக்கு என்ன?" என்றார்.

"குடை."

குடை இல்லாமல் வந்ததைக் காலையிலேயே பார்த்தவர்.

வீட்டில் இவர், என் வீட்டுக்காரர், கலண்டருக்கு முன்னால் சிவப்புப் பேனையோடு. "இஞ்சரும், இருபத்தாறாம் திகதி ஞாயிறு அப்பாட திதி. ஷிப்ட் ஒண்டும் எடுத்துப் போடாதேயும்." வருடா வருடம் இதே வட்டம். அந்த வட்டம் விழுந்தால், மாதம் முடியும் வரை நான் கலண்டர்ப் பக்கம் போவதில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மழை விட்டது, காற்று விடவில்லை.

மிஸ்டர் ஷென்னுக்குக் கஞ்சியில் அக்கறை இல்லை. மேசையில் கிரேஸ் டைப் பண்ணி வைத்த நாலு தாள். அவருடைய அப்பா ஜெனரலாம்! எட்டு மாதமாக முதுகு தேய்த்துவிடும் எனக்கு இன்றுதான் தெரியும். சுவர்ப் படத்தில் இருக்கிற தொப்பிக்காரரை நான் ஏதோ தபால் கந்தோர்க்காரர் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஜெனரல் பிறந்த ஊரில் பழைய போர்வீரர்களுக்கு நினைவு மண்டபம் கட்டுகிறார்களாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் புத்தகம். கிரேஸ் எழுதியதை அவர் பார்த்துத் திருத்த வேண்டும், அடுத்த வெள்ளிக்கு முதல் அனுப்ப வேண்டும். அவருக்குக் கை நடுக்கம். ஆகவே பென்சில் என் கையில்.

ஜெனரலின் உத்தியோகம், எனக்கு விளங்கினபடி:

தையற்காரரின் மகன். பதினெட்டு வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் படைப் பள்ளிக்கூடம்.

இருபத்தைந்தில் கப்டன். முதல் சண்டை சொந்த நாட்டுக்காரரோடு. கிரேஸ் இதை அரை வரியில் முடித்துவிட்டா.

யப்பான்காரர் வந்தபோது கேணல். ஒரு நகரத்தை ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார். சொத்தைப் பல்லில் பஞ்சு அடைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு ஜெனரல்.

பின்வாங்கல். படையையும் சனத்தையும் ஒழுங்காக ஆறு கடக்க வைத்து, எதிரி பின்னால் வராதபடி பாலத்தை உடைத்தார். பதக்கம்.

அடுத்த சண்டையில் தோற்ற பக்கம். தோற்றவர்கள் ஒதுங்கிய தீவுக்குக் கப்பல். அங்கே மேசை வேலை. மொட்டை மாடியில் மிளகாய்ச் செடி. சாவு.

பாலத்து வரியில் அவர் விரலை வைத்தார். "பிற்பகல் நான்கு மணிக்கு, கடைசி ஆளும் கடந்த பின்னர், பாலம் தகர்க்கப்பட்டது." ஜெனரல் தன் கையால் எழுதிய அறிக்கையில் இருந்து அப்படியே எடுத்த வரியாம்.

"வாசி."

வாசித்தேன்.

"மறுபடியும்."

வாத்தியார்மாருக்குப் பென்ஷன் கொடுத்தாலும் பழக்கம் போகாது. மூன்று தரம் வாசித்தேன். பிறகு கேட்டார். "நீயும் சண்டைக்குள் ஒரு பாலம் கடந்து வந்ததாகச் சொன்னாயே. உன் வீட்டில் எல்லாரும் கடந்தார்களா?"

"எல்லாரும்தான்."

"அப்படி வராது. எப்போதும் மீதி ஒன்று வரும்."

பொய் சொன்னேன். மாமா கடக்கவில்லை. மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. இதை இந்தக் கொப்பியில்கூட நான் ஒரு நாளும் எழுதியதில்லை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

உளுந்து மறந்துபோனேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

நல்ல வெயில், ஆனால் குளிர். முழங்கால் பரவாயில்லை.

இன்று மிஸ்டர் ஷென் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதி வைக்கிறேன். அவர் பேசியது ஆங்கிலம், இது என் தமிழ்.

அவருக்கு அப்போது பத்து வயது. ஜெனரலின் பெண்சாதி பிள்ளை என்பதால் அம்மாவும் அவரும் காரில் முதலே கடந்துவிட்டார்கள். நெரிசலில் அவருடைய ஒரு கால் சப்பாத்து அந்தக் கரையில் விழுந்துவிட்டது. சப்பாத்து வேண்டும் என்று நிலத்தில் விழுந்து அழுதாராம். அவரைத் தூக்கித் திரிந்த சிப்பாய் ஒருவன், மாடு மேய்க்கிற வீட்டுப் பொடியன், "அழாதே, எடுத்து வாறன்" என்று சனத்துக்கு எதிராகத் திரும்பிப் பாலத்தில் போனான். மிஸ்டர் ஷென் கையில் அப்பாவின் பழைய மணிக்கூடு. மூன்று மணிக்குச் சாப்பாடு என்று அம்மா சொல்லியிருந்ததால் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டரை தாண்டிக் கொஞ்சம். பாலம் போய்விட்டது. பாலத்தில் சனம் இருந்தது. அந்தக் கரையிலும் சனம்.

"இரண்டரை," என்றார். "நான்கு இல்லை. நான் பிறகு கணக்குப் போட்டும் பார்த்தேன். அந்த அகலத்துப் பாலத்தில் அவ்வளவு சனம் நான்கு மணிக்குள் கடந்து முடியவே முடியாது. எத்தனை தரம் போட்டாலும் முடியாது."

அப்பாவிடம் ஒரே ஒரு முறைதான் கேட்டாராம், வளர்ந்த பிறகு, மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது. "அறிக்கை இருக்கிறது, போய் வாசி" என்று பதில்.

என்னிடம் பென்சிலைத் தந்து, நான்கை வெட்டி இரண்டரை என்று எழுதச் சொன்னார். "கடைசி ஆளும் கடந்த பின்னர்" என்பதையும் வெட்டச் சொன்னார். வெட்டினேன். பிறகு அழுதார். அழுகை என்றால் சத்தமில்லை, மூக்கால் மட்டும் வழிந்தது. துடைத்துவிட்டேன். "சப்பாத்தையும் எழுதுவோம், நாளைக்கு" என்றார்.

அடுத்த வீட்டுக்கு இருபது நிமிடம் பிந்திவிட்டேன். பஸ் தரிப்பில் நின்று அப்பில் எழுதியது: கஞ்சி பாதி. மாத்திரை எடுத்தார். மலம் இல்லை. மனம் குழம்பி அழுதார். அவருடைய அப்பா ஆட்கள் இருக்கும்போதே பாலத்தை உடைத்ததாகச் சொல்கிறார், புத்தகத்தை மாற்ற விரும்புகிறார்.

ஆள் அழுதால் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதினேன். கை தானாக எழுதியது.

ஒக்டோபர் 17, வெள்ளி

பைத்தியக்காரி. பைத்தியக்காரி.

போன மாதம் ஒபிஸில் இருந்து ஒரு மெசேஜ் வந்தது. இனிமேல் கெயரர் எழுதுவதைக் குடும்பத்து ஆட்களும் தங்கள் போனில் பார்க்கலாம் என்று. பாதி வாசித்துவிட்டு மூடிவிட்டேன். அன்றைக்கு இடியப்பம் அவித்துக்கொண்டு இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது. கிரேஸ் உள்ளே. மேசை துடைத்து வைத்ததுபோல வெறுமை. தாள்களும் இல்லை, பென்சிலும் இல்லை. மிஸ்டர் ஷென் ஜன்னல் பக்கம் முகம்.

கிரேஸ் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினா. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அவருக்குத் தொண்ணூற்றொரு வயது. பிள்ளைப் பருவத்தில் கண்டதையும் கனவில் கண்டதையும் கலந்து பேசுகிறார். ஆறு மாதமாக அந்த மண்டபக்காரரோடு நான் கடிதம் எழுதுகிறேன். சாகும்போதாவது அவருக்கு மரியாதையான ஓர் அப்பா இருக்கட்டும். அது பிழையா?"

அந்த யோசனை எனக்குப் புதிது இல்லை.

"அதோடு, இப்படியான விஷயத்தை வேலை இடத்துக் குறிப்பில் எழுதுவதா?" என்று கேட்டா. ஒபிஸில் எத்தனை பேர் வாசித்தார்களோ என்றும் சொன்னா.

பிற்பகல் ஒபிஸ் மனேஜர் டெனிஸின் போன். முறைப்பாடு இல்லை, ஆனால் "எல்லை" பற்றி ஒரு பயிற்சி எடுக்க வேண்டுமாம். எடுக்கலாம். முப்பது வருடம் ஒருத்தருக்கும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த எனக்கு, மற்றவருடைய விஷயத்தில் மட்டும் ஒரு நாள் மூடத் தெரியவில்லை.

ஒக்டோபர் 18, சனி

லீவு. வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

இவர் காலையில் இருந்து அடுத்த வார ஞாயிறு திதிக்கு லிஸ்ட் போடுகிறார். பூசணி, வாழைக்காய், பயற்றங்காய், பாகற்காய். "அப்பாவுக்குப் பாகற்காய்ப் பொரியல் எண்டால் உயிர், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

எழுதிவிடுகிறேன். இவர் மேலே டீவி பார்க்கிறார்.

முப்பது வருடத்துக்கு முதல். இவர் லண்டனுக்கு வந்து அப்போது மூன்று வருடம். ஊரில் நானும் மகளும் மாமாவும். மாமாவுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் இழுத்துப்போட்டது, பேச்சும் போய்விட்டது. சண்டை கிட்ட வர, ஊர் முழுக்க ஒரே பொழுதில் வெளிக்கிடச் சொல்லி ஸ்பீக்கரில் அறிவித்துக்கொண்டு போனார்கள். உழவு இயந்திரக்காரன் வாறன் என்றான், வரவில்லை. எனக்கு இருபத்தேழு வயது. இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. மாமாவின் தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர், நாலு வாழைப்பழம், ஒரு பெட்டி பிஸ்கட். "நாளைக்கு வாகனம் கொண்டு வாறன் மாமா" என்றேன். தலையை ஆட்டினார். ஓம் என்றா, வேண்டாம் என்றா, இன்றைக்கும் தெரியாது.

பிறகு கதவைப் பூட்டினேன்.

எல்லாரும் பூட்டினார்கள். ரெண்டு நாளில் திரும்பி வருவோம் என்று அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டுச் சத்தம். நானும் பழக்கத்தில் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தேன். உள்ளே ஆள் இருக்கிறது என்ற நினைவு பாலத்தடிக்கு வந்தபிறகுதான் வந்தது. திறந்து விட்டிருந்தால் யாராவது, ஆமிக்காரனாவது, உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் பருக்கியிருக்கலாம். திரும்பிப் போக ஒருத்தரையும் விடவில்லை. அந்தச் சனத்துக்கு எதிராக நடக்க ஏலாது. நான் முயற்சி செய்யவும் இல்லை, அதுதான் உண்மை. அந்தச் சிப்பாய்ப் பொடியன் ஒரு சப்பாத்துக்காகத் திரும்பிப் போனான்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகள் வீடியோவில் வந்து, "ஹப்பி டிவாலி அம்மா, ஹாஃப் டே எடுத்தீங்களா?" என்றாள். எடுக்கவில்லை. இவர் கோயிலுக்குப் போக, நான் வேலைக்கு.

மிஸ்டர் ஷென்னுக்கு இனிப்புக்கு இரண்டு தொதல் துண்டு கொண்டுபோனேன். தொடவில்லை. கஞ்சியையும் என் கையால் வாங்கவில்லை. கோப்பையைத் தானே பிடிக்கப் போய் மடியில் ஊற்றிக்கொண்டார். துடைக்க விட்டார். வேறு வழி இல்லாததால்.

காதுக் கருவியை நான்தான் காலையில் போட்டுவிடுவேன். இன்று போட முதல், அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன்: "என் மாமா கடக்கவில்லை. நான் அவரை உள்ளே வைத்துப் பூட்டினேன்."

கருவி இல்லாமல் அவருக்கு ஒன்றும் கேட்காது. தெரிந்துதான் அந்த நேரத்தில் சொன்னேன். வெட்கம்கெட்ட வேலை. அதையே முன்னால் வந்து கதிரையில் இருந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால், எண்பது வருடமாக மீதியை வைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு துணை கிடைத்திருக்கும்.

கருவியைப் போட்டபிறகு, "மன்னியுங்கள், எனக்கு எழுத வேண்டிய கட்டாயம்" என்றேன்.

"தெரியும்," என்றார். "என் அப்பாவுக்கும் எழுத வேண்டிய கட்டாயம். மேலிடம் அறிக்கை கேட்டது."

வெளிக்கிடும்போது கூப்பிட்டார். "கதவைப் பூட்டு. இன்றைக்குக் குடைக்காகத் திரும்பி வராதே."

வரவில்லை. பஸ் தரிப்பில் மூன்று பஸ்ஸைப் போகவிட்டேன்.

ஒக்டோபர் 22, புதன்

கந்தசஷ்டி விரதம் தொடக்கம். ஒரு நேரச் சாப்பாடு. தலையிடி.

மிஸ்டர் ஷென்னைக் கிரேஸ் ஹரோவுக்குக் கொண்டுபோகிறா. இனி அங்கேதான். ஒபிஸ் எனக்கு நேற்று மாலைதான் சொன்னது. சாவிப் பெட்டி நம்பரை அழிக்கச் சொன்னார்கள். கடைசியாகக் கையுறை, பராமரிப்புப் புத்தகம் எல்லாம் எடுக்கப் போனேன். அவரை முதலே காரில் ஏற்றிவிட்டார்கள். கார் கண்ணாடிக்குள் தொப்பி மட்டும் தெரிந்தது.

கிரேஸ் ஒரு சொக்லேட் பெட்டியும், தானே பிரின்ட் எடுத்துக் கட்டிய சின்னப் புத்தகம் ஒன்றும் தந்தா. "கோபம் இல்லை. அப்பாவை நன்றாகப் பார்த்தீர்கள். அவருக்கு உங்களைப் பிடிக்கும்." கண் கலங்கியிருந்தது. நல்ல பெண்தான். அப்பா அழக்கூடாது என்று பாடுபடுகிற பிள்ளை.

"புத்தகம் அனுப்பியாயிற்றா?"

"நேற்றே."

டி.எல்.ஆர் ரயிலில் இருந்து வாசித்தேன். தையற்காரர் மகன் இருக்கிறார். சொத்தைப் பல் இருக்கிறது. மிளகாய்ச் செடிக்குப் படம்கூட இருக்கிறது. "பிற்பகல் நான்கு மணிக்கு, கடைசி ஆளும் கடந்த பின்னர்." நான் பென்சிலால் வெட்டியது எங்கேயும் இல்லை.

வியாழக்கிழமை நான் அந்த ஒரு வரியை அப்பில் எழுதாமல் விட்டிருந்தால், வெள்ளிக்கிழமை சப்பாத்தையும் எழுதியிருப்போம். அவரே கையெழுத்து வைத்துக் கொடுத்திருப்பார். கிரேஸ் என்ன செய்திருப்பாவோ தெரியாது. ஆனால் அவர் தன் பங்கைச் சொல்லி முடித்திருப்பார். அதை நான்தான் கெடுத்தேன். வேறு யாரிலும் பழியைப் போட ஏலாது.

ஒக்டோபர் 24, வெள்ளி

புது வீடு. கட்ஃபோர்ட் பக்கம், ஒரு வெள்ளைக்கார அம்மா, மூன்று பூனை. பூனை மயிர் என் கறுப்புக் காற்சட்டை முழுக்க.

மத்தியானம் ஹரோவுக்குப் போன் பண்ணினேன். கிரேஸ், "நித்திரை கொள்கிறார், சொல்கிறேன்" என்றா. சொல்லமாட்டா. சொன்னாலும் என்ன சொல்வா?

அப்போது இவருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றியும் எழுத வேண்டும்.

பாலம் கடந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கொழும்புக்குப் போகிற ஒருவர் கடிதம் கொண்டுபோகிறேன் என்றார். இவர் முன்பு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் முதல் கேள்வி, அப்பா எப்படி என்பது. பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். விட்டுவிட்டு வந்தேன் என்று எழுத வரவில்லை. "மாமா வெளிக்கிட ரெண்டு நாளைக்கு முதல் நித்திரையிலேயே போய்விட்டார். எல்லாம் முறைப்படி செய்தோம். ஐப்பசி வளர்பிறைப் பஞ்சமி" என்று எழுதினேன். திதியையும் நானே எண்ணிப் போட்டேன், பொய்க்கு முட்டுக் கொடுக்க.

நான் அதை எழுதிய அன்று மாமா உயிரோடு இருந்திருக்கலாம். செம்பில் தண்ணீர் இருந்திருக்கலாம். எழுதி முடித்த பிறகு, போய்ப் பார்க்க வேண்டும் என்ற அந்தரமும் பதைப்பும்கூடக் குறைந்துவிட்டன. கடிதத்தில் செத்தவரைத் தேடி யார் போவார்கள்?

ஆறு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பினபோது பூட்டு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு மாஸ்டரும் நானும் திறந்தோம். அங்கே கண்டதை எழுத மாட்டேன். மாஸ்டர் நல்லவர், சாகும்வரை வாய் திறக்கவில்லை.

இவர் முப்பது வருடமாக நான் எண்ணிப் போட்ட நாளில் தர்ப்பை போட்டுக்கொண்டு தன் அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்கிறார்.

ஒக்டோபர் 25, சனி

குளிர். ஹீட்டிங் போட்டாயிற்று. இவர் அறை அறையாகப் போய் ஜன்னல் இடுக்குகளைத் தடவிப் பார்க்கிறார். "சூடெல்லாம் தெருவுக்குத்தான் போகுது" என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிற பேச்சு.

பூசணி, வாழைக்காய் கிடைத்தது. பாகற்காய் முற்றல். இவருக்கு மனக்குறை. இன்னொரு கடைக்கும் போனோம்.

மரக்கறியைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒரு குறையும் இல்லையப்பா. கடைசி நேரம் நான் பக்கத்தில இல்லை எண்டதைத் தவிர. அதுக்கும் நீர் நிண்டனீர். நித்திரையில போறதுக்கும் குடுத்து வைக்க வேணும், என்ன?"

வாழைக்காயைக் கழுவினேன்.

"ஏன் நீர் ஒண்டும் கதைக்கேல்லை? விரதக் களையோ?"

"ஓம், களைப்பு."

எழுபது வயதை எட்டிப் பிடிக்கிற மனிதர். மரியாதையான ஒரு சாவை நான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று இவ்வளவு காலமும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிரேஸ் சொன்னதும் அதுதான். ஆனால் கிரேஸுக்குப் பாலம் தெரியாது. எனக்குத் தெரியும். ஜெனரலுக்கும் தெரியும்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிற நாள். போன் தானாக மாறிவிட்டது. மற்றதெல்லாம் இவர்தான் மாற்றுவார், கோயிலால் வந்து செய்கிறேன் என்றார். மழை இல்லை.

கோயில். இவர் வேட்டி, சால்வை. நான் பின்னால் அரிசி மரக்கறித் தட்டத்தோடு. எங்களுக்கு முன் மூன்று குடும்பம். ஐயர் இந்தியாவில் இருந்து வந்த புது ஆள், எங்களைத் தெரியாது. தர்ப்பையைக் கொடுத்துவிட்டு, "அப்பா பேர் சொல்லுங்கோ" என்றார். இவர் சொன்னார்.

"திதி?"

இவர் வாயைத் திறக்க முதல் நான் சொல்லிவிட்டேன். "திதி தெரியாது ஐயா."

ஐயர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து. "பஞ்சமியப்பா. என்ன இது, நீர்தானே எழுதினனீர்?"

"நான் எழுதினது பொய். எந்த நாள் எண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

பின்னால் நின்ற ஆட்கள் கதையை நிறுத்தினார்கள். ஐயர் பதறவில்லை. இளம் ஆள், தாழ்ந்த குரலில் சொன்னார்: "திதி தெரியலேன்னா அமாவாசையில பண்ணலாம்மா. அதுக்கு வழி இருக்கு. நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. இன்னைக்கு வேணாம்." இவர் தன் விரலில் இருந்த தர்ப்பையைத் தானே கழற்றி ஐயரிடம் கொடுத்தார்.

காரில் லைற் சிவப்பில் நிற்கும்போதுதான் முதல் வார்த்தை.

"ஆர் பக்கத்தில நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை. விட்டிட்டு வந்திட்டன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன். ஓட்டினார். அடுத்த லைற்.

"கதவு?"

"பூட்டியிருந்தது. நான்தான் பூட்டினனான்."

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு கேட்டார். "கட்டிலிலயோ கிடந்தவர்?"

இல்லை என்று தலையாட்டினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அவர் என் பக்கம் திரும்பவில்லை. வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லை. கதவடியில."

"நீர் உள்ள போம்" என்றார்.

வந்துவிட்டேன். தட்டம் இன்னும் பின் சீட்டில். அடுப்பு மணிக்கூட்டில் நான்கு. உண்மையில் மூன்று. ஜன்னலால் பார்த்தால் இவருடைய பின்தலை தெரிகிறது, சால்வை தோளால் வழுகிக் கிடக்கிறது. அழுகிறாரா தெரியவில்லை. இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். ஹரோவுக்கு நாளைக்கு நேரே போகலாம். மிஸ்டர் ஷென் காதுக் கருவி போட்டிருக்கிற நேரமாகப் பார்த்து.

இவரிடமும் ஒரு சாவி இருக்கிறது. என்றாலும் வாசல் கதவை முழுக்கத் திறந்து, அடியில் ஒரு சப்பாத்தை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். சூடெல்லாம் தெருவுக்குப் போகிறது. போகட்டும்.